கார்புரேட்டர் காருக்குப் பெட்ரோல் வரவில்லையா? உங்கள் கம்ப்யூட்டரில் கண்டுபிடிக்கலாம்!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லாரும் கடிதம் டைப் செய்கிறோம், பாட்டுக் கேட்கிறோம், படம் பார்க்கிறோம். மூன்று மாதம் கழித்து ஒரு கேள்வி வருகிறது. "இதை வைத்து வேறு என்னதான் செய்வது?" என்கிறார்கள். வீட்டுக் கணக்கு எழுதலாம் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். எனவே இந்த முறை கொஞ்சம் வித்தியாசமான ஒரு வேலையைச் சொல்கிறேன். பழைய கார் ஒன்று வழியில் அடிக்கடி நின்று போகிறது. ஏன் நிற்கிறது என்று எக்ஸெல் ஒர்க் ஷீட் ஒன்றை வைத்தே கண்டுபிடிக்கலாம். அருப்புக்கோட்டையில் என் மாமா வீட்டில் இதைச் செய்து பார்த்தோம்.

மாமாவிடம் இருப்பது பிரிமியர் பத்மினி. 1964ல் பியட் 1100 டிலைட் என்ற பெயரில் வெளிவரத் தொடங்கி, 1974ல் பத்மினி என்று பெயர் மாறிய அதே கார்தான். 1089 சி.சி. எஞ்சின், நான்கு சிலிண்டர், ஒரு கார்புரேட்டர். மும்பையில் கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றுவிட்டது. ஆனால் நம் ஊர்ப் பக்கம் வீட்டு வண்டியாக இன்னும் சில ஓடிக் கொண்டிருக்கின்றன.

பிரச்னை இதுதான். வண்டி காலையில் ஒரே சாவியில் கிளம்பும். சில கிலோ மீட்டர் ஒழுங்காக ஓடும். பிறகு இழுவை குறையும், இரண்டு முறை குலுங்கும், நின்று விடும். கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி போகிற சாலையில் இப்படி நின்றால் சீமைக் கருவேலம்தான் துணை. நிழலுக்கு ஒதுங்க இடம் கிடையாது. அத்தையை மாதம் ஒரு முறை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். அந்தப் பயணத்தில்தான் வண்டி அதிகம் நின்றது. ஒரு ஒர்க் ஷாப்பில் கார்புரேட்டரையே மாற்ற வேண்டும் என்றார்கள். இன்னொன்றில் பெட்ரோல் பம்ப் என்றார்கள். மாமா வெறுத்துப் போய், "காயலான் கடைக்குப் போட்டுரலாமா மாப்ளே?" என்று கேட்டார். மகள் வாங்கிக் கொடுத்த புது கம்ப்யூட்டர் கூடத்தில் சும்மா இருந்தது. ஒரு மாதம் பொறுங்கள் மாமா என்று சொல்லி அதை ஆன் செய்தேன்.

கம்ப்யூட்டர் போலத்தான் காரும்

கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றால் உடனே மதர்போர்டை மாற்றுகிறோமா? இல்லை. சுவரில் கரண்ட் வருகிறதா, பவர் கார்டு சரியா, எஸ்.எம்.பி.எஸ். வேலை செய்கிறதா என்று மூலத்திலிருந்து ஒவ்வொரு படியாகப் பார்க்கிறோம். காரில் பெட்ரோல் போகும் வழியையும் அப்படியே பார்க்க வேண்டும்.

டேங்க், அதன் மூடி, டேங்கிலிருந்து முன்னே வரும் குழாய், பில்டர், பம்ப், கார்புரேட்டரின் மிதவை அறை, ஜெட்கள். இதுதான் வரிசை. பம்ப்பின் உள்ளே டயாப்ரம் என்ற ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். எஞ்சின் சுற்றும்போது அது மேலும் கீழும் அசைந்து பெட்ரோலை உறிஞ்சித் தள்ளும். மிதவை அறை என்பது நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி போல. பெட்ரோல் நிறைந்ததும் மிதவை உயர்ந்து ஊசி வால்வை மூடும், குறைந்ததும் திறக்கும். அங்கிருந்து சிறு துளையுள்ள ஜெட் வழியாகப் பெட்ரோல் உறிஞ்சப்பட்டுக் காற்றுடன் கலந்து எஞ்சினுக்குள் போகிறது.

இன்றைய கார்களில் எரிபொருளை அளந்து விடுவது காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர். கோளாறு என்றால் அதுவே ஒரு எண்ணைப் பதிவு செய்து வைக்கும். மெக்கானிக் ஸ்கேனரை மாட்டி அதைப் படித்து விடுவார். கார்புரேட்டர் காரில் அந்த வசதி இல்லை. பதிவு செய்யும் வேலையை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் செய்யட்டும்.

ஒர்க் ஷீட் தயாரித்தல்

எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். புதிய பைல் ஒன்றைத் திறந்து முதல் வரிசையில் இந்தத் தலைப்புகளை, ஒரு செல்லுக்கு ஒன்றாக டைப் செய்யுங்கள்:

தேதி
கிளம்பிய நேரம்
டேங்க் அளவு
நிற்கும் வரை ஓடிய கி.மீ.
சாலை மேடா, சமமா
பீச்சல் உண்டா
எதைச் செய்ததும் கிளம்பியது

தேதியை டைப் செய்யத் தேவையில்லை. கண்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டு செமிகோலன் கீயை அழுத்தினால் அன்றைய தேதி தானாக வந்து விடும். டேங்க் அளவை "நிறைய இருந்தது", "கொஞ்சம்" என்று எழுதாதீர்கள். முழு டேங்க் 4, முக்கால் 3, பாதி 2, கால் 1 என்று எண்ணாக எழுதுங்கள். எண்ணாக இருந்தால்தான் கம்ப்யூட்டரால் சரியாக வரிசைப்படுத்த முடியும். வண்டி நிற்காத நாளையும் ஒரு வரிசையில் எழுதுங்கள். இது முக்கியம். என்ன இருந்தபோது நிற்கவில்லை என்பதும் ஒரு தகவல்தான்.

பட்டியல் நீளும்போது தலைப்பு மேலே ஓடி மறையாமல் இருக்க, வியூ டேப்பில் ப்ரீஸ் பேன்ஸ் கிளிக் செய்து ப்ரீஸ் டாப் ரோ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

பீச்சல் என்றால் என்ன?

வண்டி நின்றவுடன் செய்ய வேண்டிய முதல் சோதனை இது. கோளாறு பெட்ரோலிலா, மின்பொறியிலா என்று முதலில் பிரிக்க வேண்டும். சாவியை அணைத்து விடுங்கள். ஏர் கிளீனரைக் கழற்றி, கார்புரேட்டரின் வாய்க்குள் பார்த்துக் கொண்டே ஆக்சிலரேட்டர் கம்பியைக் கையால் ஒரு முறை இழுங்கள். உள்ளே மெல்லிய கோடாகப் பெட்ரோல் பீச்சி அடித்தால் மிதவை அறையில் பெட்ரோல் இருக்கிறது. அப்படியானால் காயில், கண்டன்சர், பாயிண்ட், பிளக் பக்கம் பாருங்கள். சூடானதும் செயலிழக்கும் காயிலும் கண்டன்சரும் பெட்ரோல் கோளாறு போலவே நடித்து ஏமாற்றும். பீச்சல் இல்லையென்றால் பெட்ரோல் வந்து சேரவில்லை. வண்டி நன்றாக இருக்கும் நாளிலேயே இதை வீட்டில் ஒரு முறை செய்து, பீச்சல் எப்படி இருக்கும் என்று பார்த்து வைத்துக் கொள்ளுங்கள். பீச்சும் சின்னப் பம்ப் கெட்டிருந்தால் நல்ல வண்டியிலும் பீச்சல் வராது.

மாமா வண்டியில் நின்ற ஒவ்வொரு முறையும் பீச்சல் இல்லை. ஆகவே கோளாறு பெட்ரோல் வழியில்தான் என்று முதல் வாரத்திலேயே தெரிந்து விட்டது.

சார்ட் செய்தால் உண்மை தெரியும்

மூன்று வாரத்தில் எட்டு வரிசைகள் சேர்ந்தன. தேதிப்படி பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. ஒரு நாள் 9 கி.மீ.யில் நின்றது. மறுநாள் 23 கி.மீ. ஓடியது. ஒரு நாள் நரிக்குடி போய்த் திரும்பியும் நிற்கவே இல்லை.

இந்த இடத்தில்தான் சார்ட் வசதி கை கொடுக்கிறது. பட்டியலுக்குள் ஏதாவது ஒரு செல்லில் கிளிக் செய்யுங்கள். டேட்டா டேப் சென்று சார்ட் பட்டனை அழுத்துங்கள். வரும் டயலாக் பாக்ஸில் "மை டேட்டா ஹேஸ் ஹெட்டர்ஸ்" என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால்தான் தலைப்பு வரிசை தலைப்பாகவே மேலே நிற்கும். சார்ட் பை என்ற இடத்தில் எந்தத் தலைப்பின்படி வரிசைப்படுத்த வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்து ஓகே தட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒரே ஒரு காலத்தை மட்டும் தேர்ந்தெடுத்து சார்ட் செய்தால், அந்தக் காலம் மட்டும் மாறி மற்றவை அப்படியே நிற்கும். திங்கட்கிழமை ஓடிய தூரம் வெள்ளிக்கிழமைக்குப் போய் விடும். எக்ஸெல் அப்போது ஒரு எச்சரிக்கைக் கட்டம் காட்டும். அதில் எக்ஸ்பாண்ட் தி செலக்‌ஷன் என்பதையே தேர்ந்தெடுங்கள். தப்பித் தவறிக் கலைந்து விட்டால் உடனே கண்ட்ரோல் இசட் அழுத்தினால் பழைய நிலை திரும்பும்.

முதலில் கிளம்பிய நேரத்தின்படி சார்ட் செய்தோம். வெயில்தான் காரணம் என்று எல்லாரும் சொன்னார்கள். சித்திரை வெயிலில் அந்தக் கரிசல் காட்டில் தார் ரோடே இளகும். ஆனால் காலை ஆறரை மணிக்குக் கிளம்பிய நாளிலும் 9 கி.மீ.யில் நின்றிருக்கிறது. பிற்பகல் இரண்டு மணிக்குக் கிளம்பி நிற்காத நாளும் இருந்தது. வெயில் முதல் குற்றவாளி இல்லை.

அடுத்து டேங்க் அளவின்படி சார்ட் செய்தோம். திரையில் இப்படி வந்தது:

டேங்க் 4 என்ற நாள்களில் 7, 9, 8 கி.மீ.
டேங்க் 3 என்ற நாள்களில் 14, 13 கி.மீ.
டேங்க் 2 என்ற நாள்களில் 23, 25 கி.மீ.
டேங்க் 1 என்ற நாளில் நிற்கவில்லை.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக் கொண்டு பார்த்தார். "பெட்ரோல் நெறைய இருந்தாத்தான் பெட்ரோல் வரமாட்டேங்குதா?" என்றார். ஆமாம், அதுதான் விடை.

காற்று போக வழி இல்லை

டேங்கிலிருந்து பெட்ரோல் வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். பழைய கார்களில் இதற்காக மூடியிலேயே ஒரு சிறு துளை வைத்திருப்பார்கள். சில கார்களில் தனிக் குழாய் இருக்கும். அது அடைத்துக் கொண்டால் டேங்குக்குள் அழுத்தம் குறைந்து கொண்டே போகும். ஒரு கட்டத்தில் பம்ப் இழுக்க முடியாமல் திணறும். வாயை இறுக்கி மூடிக் கொண்டு பாட்டிலிலிருந்து தண்ணீரை உறிஞ்சிப் பாருங்கள், பாட்டில் ஒடுங்கும், தண்ணீர் நின்று விடும். அதே கதைதான்.

டேங்க் நிரம்பி இருக்கும்போது மேலே காற்றுக்கு இருக்கும் இடம் மிகக் குறைவு. கொஞ்சம் பெட்ரோல் செலவானாலே அழுத்தம் சட்டென்று இறங்கும். டேங்க் கால் பங்கு இருந்தால் மேலே காற்று ஏராளம். அதே அளவு பெட்ரோல் செலவானாலும் அழுத்தம் அவ்வளவாகக் குறையாது. நின்ற பிறகு கால் மணி நேரத்தில் கிளம்புவது ஏன்? அடைப்பின் இடுக்கு வழியாகக் காற்று மெல்லக் கசிந்து உள்ளே வந்து விடுகிறது.

மதுரைப் பயணத்தில் மட்டும் அதிகம் நின்றதன் காரணமும் இப்போது விளங்கியது. தூரப் பயணம் என்றால் முதல் நாளே டேங்கை நிரப்புவது மாமாவின் வழக்கம். ஒர்க் ஷாப்பில் ஏன் பிடிபடவில்லை என்பதும் விளங்கியது. நிறுத்திய இடத்தில் எத்தனை நேரம் ஓடினாலும் பெட்ரோல் அதிகம் செலவாகாது. வண்டியும் நிற்காது.

ஊகம் சரியா என்று சோதித்தோம். முழு டேங்குடன் திருச்சுழி சாலையில் போனோம். 8 கி.மீ.யில் நின்றது. வேறு எதையும் தொடாமல் டேங்க் மூடியை மட்டும் திறந்தோம். உஸ் என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டது. மூடிவிட்டுச் சாவியைத் திருப்பினோம், உடனே கிளம்பியது. வீட்டுக்கு வந்து மூடியைப் பார்த்தால், கரிசல் மண் தூசு எண்ணெய்ப் பசையுடன் சேர்ந்து துளையில் தார் போல உறைந்திருந்தது. பெட்ரோலில் ஊற வைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, காற்றடித்துச் சுத்தம் செய்தோம். மறுநாள் முழு டேங்குடன் நரிக்குடி போய்த் திரும்பினோம். அதற்கடுத்த வாரம் அத்தை மதுரை போய் வந்தார். ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. செலவு எதுவும் இல்லை.

உங்கள் வண்டியில் வேறு கோளாறாக இருந்தால்?

எல்லா வண்டிக்கும் மூடியே காரணம் என்று நினைக்க வேண்டாம். ஒர்க் ஷீட் காட்டும் அறிகுறியை வைத்து இப்படிப் பிரிக்கலாம்:

1. டேங்கில் பெட்ரோல் குறையும்போது நிற்கிறதா? டேங்க் அடியில் துருவும் அழுக்கும் சேர்ந்து உறிஞ்சு குழாயை அடைக்கின்றன. டேங்கைக் கழற்றிக் கழுவ வேண்டும்.

2. உச்சி வெயிலிலும், ஓடி நிறுத்தி உடனே கிளப்பும்போதும் மட்டும் தகராறா? குழாயிலோ பம்ப்பிலோ பெட்ரோல் ஆவியாகி வழியை அடைக்கிறது. ஈரத்துணியைப் பம்ப் மேல் சிறிது நேரம் போடுங்கள். கிளம்பினால் இதுதான். குழாய் சைலன்சர் பக்கம் ஒட்டிப் போகிறதா என்று பார்த்து விலக்கிக் கட்டுங்கள்.

3. மெதுவாகப் போனால் சரி, வேகம் எடுத்தாலோ மேட்டில் ஏறினாலோ திணறலா? பில்டர் அடைப்பு, பம்ப் பலவீனம், மெயின் ஜெட்டில் தூசு ஆகியவற்றை இந்த வரிசையில் பாருங்கள்.

4. ஓட்டத்தில் சரி, சிக்னலில் நின்றால் அணைகிறதா? ஐடில் ஜெட் அடைத்திருக்கலாம்.

5. பெட்ரோல் வாடை, கரும்புகை, கார்புரேட்டரில் வழிதல்? இது பெட்ரோல் கூடுதலாக வரும் கோளாறு. ஊசி வால்வு தேய்ந்திருக்கும் அல்லது மிதவை ஓட்டையாகி உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கும். மிதவையைக் கழற்றிக் காதருகே ஆட்டினால் உள்ளே திரவம் தளும்புவது தெரியும்.

பம்ப்பில் சந்தேகம் என்றால் வழியைப் பாதியாக வெட்டிச் சோதியுங்கள். எஞ்சின் ஆறிய பிறகு, காயில் ஒயரைக் கழற்றி விட்டு, கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸை ஒரு பாட்டிலுக்குள் விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றச் செய்யுங்கள். பெட்ரோல் விட்டு விட்டுப் பாய்ந்தால் பம்ப் வரை எல்லாம் சரி. கோளாறு கார்புரேட்டரில். வரவில்லை என்றால் பம்ப்பின் உள்வழி ஹோஸைச் சுத்தமான பெட்ரோல் உள்ள சிறு கேனில் விட்டு மறுபடி சோதியுங்கள். இப்போது வந்தால் பம்ப் நல்லது, டேங்கும் குழாயும் கெட்டது. இப்போதும் வராவிட்டால் பம்ப்பின் சவ்வையும் வால்வையும் மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.

எத்தனால் கலந்த பெட்ரோல்

நம் நாட்டில் 2003ல் சில மாநிலங்களில் 5 சதவீத எத்தனால் கலப்பு தொடங்கியது. 20 சதவீதக் கலப்பு 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி 2025ல் நாடெங்கும் வந்து விட்டது. கார்புரேட்டர் கார்கள் இதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் சவ்வு, கேஸ்கட் ஆகியவை ஊறி உப்பலாம் அல்லது வெடிக்கலாம். டேங்கில் பல ஆண்டாகப் படிந்த அழுக்கு கரைந்து வந்து பில்டரை அடைக்கலாம். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அதிகத் தண்ணீர் சேர்ந்தால் அது எத்தனாலுடன் பிரிந்து டேங்கின் அடியில் தங்கி விடும். பழைய வண்டிகள் சிலவற்றில் ரப்பர் பாகங்களை முன்னதாக மாற்ற வேண்டி வரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025ல் கூறியது. எனவே எத்தனால் தாங்கும் ஹோஸ்களாக மாற்றி விடுங்கள். உள்ளே தெரியும்படியான பில்டர் போடுங்கள். மாதக் கணக்கில் ஓட்டாமல் நிறுத்தாதீர்கள்.

போட்டோ எடுத்து வையுங்கள்

கார்புரேட்டரைக் கழற்றும் முன் மொபைல் போனில் ஒவ்வொரு படியையும் போட்டோ எடுங்கள். எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்பது மறுநாள் நினைவில் இருக்காது. போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் தனி போல்டரில் காப்பி செய்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எப்2 கீயை அழுத்தி, "கார்புரேட்டர்" என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். விண்டோஸ் அவற்றுக்குத் தானாக வரிசை எண் கொடுத்து விடும். மாட்டும்போது கடைசிப் படத்திலிருந்து பின்னோக்கிப் பாருங்கள். ஜெட்களின் மேல் பொறித்துள்ள எண்களை ஒர்க் ஷீட்டிலேயே இன்னொரு ஷீட்டில் எழுதுங்கள். ஜெட் அடைப்பைக் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். துளை பெரிதானால் மைலேஜ் போய் விடும். காற்றடித்தால் போதும்.

உயிருக்கு ஆபத்து இல்லாமல்

பெட்ரோல் வேலையைத் திறந்த வெளியில், எஞ்சின் ஆறிய பின் செய்யுங்கள். பீடி, சிகரெட், சாமி விளக்கு எதுவும் அருகில் கூடாது. வாயால் பெட்ரோல் உறிஞ்சாதீர்கள். கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்யாதீர்கள், தீ மேலே பாயும். டேங்க் மூடியைத் திறந்து வைத்தபடி ஓட்டாதீர்கள். உலர் பவுடர் தீயணைப்பான் ஒன்று காரில் எப்போதும் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. பைலை வாரம் ஒரு முறை பென் டிரைவில் காப்பி செய்து வையுங்கள். ஒரு பிரிண்ட் எடுத்து, பேனாவுடன் காரின் டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். நின்ற இடத்தில் அதில் எழுதி, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் ஏற்றலாம். மெக்கானிக்கிடம் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள். "எப்பப்பவோ நிக்குதுங்க" என்று சொல்வதற்கும், "டேங்க் நிறைந்திருந்தால் 8 கி.மீ.யில் நிற்கிறது" என்று சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. நல்ல மெக்கானிக் அந்தத் தாளை வாங்கிப் பார்த்து, நேராகக் கோளாறு உள்ள இடத்துக்கே போய் விடுவார்.